எங்கள் வீட்டில் டூட்டி என்ற சொல்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். ஜெபம் முடித்துப் பேனாவை எடுப்பேன். அம்மா முகம் வரும், மூடி வைத்துவிடுவேன். இன்னொரு நாள் எடுப்பேன், அப்பா முகம் வரும். ஒருவர் மேல் இருக்கிற பழியை எடுத்தால் அது நேரே போய் மற்றவர் மேல் உட்காரும். அதுதான் தயக்கம். இப்போது இருவருமே கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சனத்நகர் தொழிலாளர் லைன் வீடுகளில் என்னோடு ஓடி விளையாடி, இன்றைக்கு முழங்கால் வலியோடு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பின்வரிசையில் உட்காருகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது மேல்வீட்டுப் பிள்ளை. அவள் அப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். வீட்டில் இருந்தே வேலை. பிள்ளை எதையாவது கேட்கப் போனால், காதில் மாட்டியதைக் கழற்றாமல் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். அதனால் அது என்னிடம் இறங்கி வந்துவிடும். போன வாரம் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டது.

"ஆன்ட்டி, டூட்டின்னா என்ன? மீனிங் எழுதி சென்டென்ஸ் எழுதணுமாம்."

"உனக்கு என்ன தெரியும், சொல்லு."

"போலீஸ் அங்கிள் செய்யறது டூட்டி. பேரன்ட்ஸ் சொல்றதைக் கேக்கறது நம்ம டூட்டி. அவ்ளோதான். உங்களுக்கு வேற தெரியுமா?"

தெரியும் என்றேன். நாளைக்கு வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அது போன பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் லைனில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு பேசினோம். "உங்க அப்பாவுக்கு எங்க டூட்டி?" என்றால் எந்தக் கம்பெனி என்று அர்த்தம். "டூட்டிக்குச் சாப்பாடு கொண்டு போ" என்றால் கேட் வரைக்கும் போ என்று அர்த்தம். ஆணியில் தனியாகத் தொங்கும் டூட்டிச் சட்டை, அதைத் தொட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்கக் கூடாது, எண்ணெய் வாடை. பெண் கேட்டு வந்தால் முதல் கேள்வி, பையனுக்கு டூட்டி உண்டா. கோடி வீட்டுக்காரர் குடித்துவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தால், "அவன் டூட்டியில ஏறிட்டான்" என்று பெண்கள் சிரிப்பார்கள். அம்மா விடியுமுன் எழுந்து குழாயடியில் வரிசை நின்று, விறகடுப்பை ஊதி, மூன்று பேருக்குத் துவைத்து, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே அரைப்பாள். அதற்குப் பெயர் வேலை. அதை யாரும் டூட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு முடிகிற நேரமும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒரு சுவர் மாதிரி. "அப்பா டூட்டியில இருக்காவ" என்று அம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதையும் கேட்க முடியாது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும் சரி, ஊரிலிருந்து தந்தி வந்தாலும் சரி. டூட்டியில் இருக்கிற மனுஷரைக் கூப்பிடக் கூடாது.

அப்பா பாய்லர் ஆள். உள்ளே நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் தண்ணீர் இறங்கி வெடித்துவிடும், ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் போய்விடுவார்கள் என்று அப்பா சொல்லுவார். அதனால் அடுத்த ஷிப்டுக்காரர் வந்து நின்றால்தான் இவர் நகரலாம். அவருக்குப் பேர் ரிலீவர். அப்பாவுடைய ரிலீவர் ஒரு முஸ்லிம், நாங்கள் சாச்சா என்போம். இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். சாச்சா வந்து குழாயில் மட்டம் பார்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டுவார். அப்பா அதில் தட்டுவார். தட்டினால்தான் டூட்டி மாறியது. தட்டாமல் அப்பா அந்த இடத்தை விட்டு ஒரு நாளும் வந்ததில்லை.

நானும் தம்பியும் அதையே விளையாடுவோம். தண்ணீர் டிரம்தான் பாய்லர். அவனுக்கு அப்போது நாலு வயசு இருக்கும். அப்பாவின் பழைய டிபன் கேரியர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு டிரம் பக்கத்தில் நிற்பான். நான் வந்து கையை நீட்டினால்தான் நகருவான். ஒரு நாள் நான் வம்புக்குக் கையை நீட்டாமல் வீட்டுக்குள் போய்விட்டேன். மழை தூறியும் அசையவில்லை. அம்மா குடையோடு போய், "வாய்யா ராசா, உள்ள வா" என்றாள்.

"ரிலீவர் வரல" என்றான்.

அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவனுக்குச் சக்கர வண்டி செய்ய ஒரு பழைய பேரிங் கொண்டு வருவதாகச் சொன்னார். சும்மா எடுத்து வர மாட்டார். போர்மேனிடம் கேட்டு, அவர் தந்தால்தான். "நாளைக்கு, நாளைக்கு" என்று அந்த மழைக்காலம் போய்க்கொண்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வீங்கியது. கஞ்சி இறங்கவில்லை. லைனில் இருந்த கம்பவுண்டர் மாத்திரை கொடுத்து, சளிதான் என்றார். அவர் சொன்னால் நம் லைனில் மறுபேச்சு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அப்பா அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "நாளைக்குக் காலை டூட்டிதான. ரெண்டு மணிக்கு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றார். அதற்கு லீவு போடலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. இன்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லி என்ன.

காலையில் அப்பா போன கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போனது. அம்மா அவனைச் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். "ஏட்டி, நீயும் வா, எனக்கு அவங்க பாஷை தெரியாது" என்றாள். அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். காய்கறிக்காரியிடம்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவாள். எனக்குத் தெருவில் விளையாடிக் கற்றுக்கொண்ட உருது கொஞ்சம் உண்டு.

நேரே கம்பெனி கேட்டுக்கு ஓடினோம். அங்கே ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். உள்ளே போகிறவர்கள் பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். அப்பாவின் டோக்கன் ஓரத்தில் கொஞ்சம் நசுங்கி இருக்கும், எனக்கு அடையாளம் தெரியும். அது தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவையே பார்த்துவிட்டது போலத் தைரியம் வந்தது.

வாட்ச்மேன் நல்ல மனுஷர்தான். எனக்குப் பலமுறை புளிப்பு மிட்டாய் தந்திருக்கிறார். அவருக்கு ஒரு கட்டளை இருந்தது. டூட்டியில் இருக்கிறவனுக்குச் சேதி உள்ளே போக வேண்டுமென்றால், சாவாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஷிப்ட் முடிந்து. அதற்கு முன்னே யாரோ ஒருவனுக்காக இரக்கப்பட்டு உள்ளே சொல்லி அனுப்பி, அவர் வேலை போகப் பார்த்திருக்கிறது.

அவர் குனிந்து என்னைக் கேட்டார். "மவுத் ஹுவா க்யா?"

"எம்மா, யாரும் செத்துட்டாங்களான்னு கேக்கார்."

"இல்லன்னு சொல்லுட்டி. பிள்ளைக்கு மூச்சு முட்டுது, அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேளு."

சொன்னேன். அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லையா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மவுத் போல் தேவ் அம்மா. அபிச் புலாதூம்."

செத்துப் போனதாகச் சொல்லுங்கள், இப்போதே கூப்பிடுகிறேன் என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா தம்பியின் தலையைச் சேலையால் மூடினாள். அந்தச் சொல் அவன் காதில் விழாமல் மூடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"உசிரோட இருக்க பிள்ளைய எப்படிட்டி செத்ததுன்னு சொல்லுவேன்? என் வாயால எப்படிச் சொல்லுவேன்? ஆண்டவர் கேட்டுக்கிட்டிருக்கார்லா."

அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்குப் பொய் என்பதற்காக மட்டும் அவள் பயப்படவில்லை. சொன்னால் அப்படியே நடந்துவிடும் என்று பயந்தாள். பெற்றவள் அப்படித்தான் பயப்படுவாள். இதை நீங்கள் யாரும் தப்பாகப் பேசக் கூடாது.

வாட்ச்மேன் கையை விரித்தார். ரிக்ஷா கூப்பிடவா என்றுகூடக் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம், போனால் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா இல்லாமல் அவள் பஸ் ஏறினதே இல்லை. "அவிய வந்திருவாவ" என்றாள். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்தோம். தகரத்தில் மழை கொட்டியது. வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா விரலை நனைத்துத் தம்பி உதட்டில் வைத்தாள். நான் டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அது ஆடும்போதெல்லாம் அப்பா வந்து எடுக்கப் போகிறார் என்று தோன்றும்.

இரண்டு மணி ஆகவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தம்பியின் இழுப்பு நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் என்று நான் நினைத்தேன்.

அம்மா எழுந்து வாட்ச்மேன் முன்னால் போய் நின்றாள். அவள் பேசத் தேவை இருக்கவில்லை. அவர் பார்த்தார், குச்சியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். இப்போது சேதி போகலாம்.

சாவுச் சேதி என்பதால் போர்மேனே பாய்லரைப் பார்த்துக்கொள்ள, அப்பா ஓடி வந்தார். சட்டைப் பை ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கையில் இருந்ததைப் பார்த்தார். முதலில் அவர் கேட்டது, "நீ எப்ப வந்த?"

"காலையிலே" என்றாள் அம்மா.

அப்பா திரும்பி வாட்ச்மேனைப் பார்த்தார். அவர் பலகையிலிருந்து டோக்கனைக் கழற்றி, தலையைக் குனிந்தபடி அப்பா கையில் வைத்தார். மற்றவர் டோக்கனைத் தொடக் கூடாது என்பதும் அங்கே கட்டளைதான்.

மறுநாள் அடக்கம். பெட்டிக்குள் அப்பா அந்தப் பேரிங்கை வைத்தார். போர்மேனிடம் கேட்டு, தம்பி போன அன்று காலையில்தான் வாங்கியிருக்கிறார். எண்ணெய் துடைத்து, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்தார். அது சுற்றுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அதற்கு முன்னால் வீட்டில் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், போவன்பள்ளி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளை. வாராவாரம் பை நிறையக் காய் கொண்டு வருவார், எங்கள் மேல் உயிர். அழுது அழுது கண் சிவந்து, அவர் தங்கச்சியைக் கேட்டார்.

"கேட்ல நீ என்ன சொன்ன?"

"பிள்ளைக்கு முடியலன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா? செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா ஆள வெளிய விட்டிருப்பான்லா. லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அந்த அறிவுகூடவா இல்ல?"

"வாட்ச்மேனே அப்படிச் சொல்லச் சொன்னானாம்" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அறையில் இருந்த அத்தனை முகமும் அம்மா பக்கம் திரும்பியது. அவள் கை அந்தச் சின்னக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சுவரோரம் தரையில் இருந்த அப்பா பேசினார்.

"அவள ஏன் கேக்கிய? சேதி உள்ள வந்திச்சு. நான்தான் வரல."

"வந்திச்சா?"

"காலையிலே வந்திச்சு. ரிலீவர் இல்ல. பாய்லர விட்டுட்டு எப்படி வாரது?"

வாசலில் நின்ற சாச்சாவுக்கு நம் பாஷை ஓரளவு தெரியும். நடந்ததை வாட்ச்மேன் அவரிடம் சொல்லியிருக்கிறார். "ஐசா நக்கோ போலோ பாய், தும்கு கபர்..." என்று ஆரம்பித்தார். அப்படிச் சொல்லாதே, உனக்குச் சேதியே வரவில்லையே என்று சொல்ல வந்தார். அப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டவில்லை, பிடித்துக்கொண்டார். சாச்சா நிறுத்திவிட்டார். அம்மா தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள். அப்பா லேசாகத் தலையை அசைத்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய மாமா அடக்கம் முடிந்ததும் போனவர், பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. "கல்லு மனசுக்காரன் வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்" என்று சொன்னதாகக் கேள்வி. காய்ப் பையும் நின்றது. கொஞ்ச நாள் கழித்து நம் போதகர் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், பிள்ளை சாகக் கிடந்தும் கடமையை விடாத ஒரு மனிதர் நம் நடுவில் இருக்கிறார் என்று புகழ்ந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தாழ்மை என்று நினைத்தார்கள். அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், ஆராதனை முடிகிறவரைக்கும். திட்டினவர்களும் புகழ்ந்தவர்களும் நடக்காத ஒன்றைத்தான் திட்டினார்கள், புகழ்ந்தார்கள். அப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டார். அவர் அதற்கு முன்னும் பின்னும் பொய் சொல்லி எனக்குத் தெரியாது. அந்த ஒரு பொய்யை ஆண்டவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஜெபத்தில் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் டூட்டி என்ற சொல் இல்லை. யாரும் கூடாது என்று சொல்லவில்லை, தானாக நின்றுவிட்டது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வாரேன்" என்பார். யாராவது வந்து கேட்டால் அம்மா, "அங்க போயிருக்காவ" என்பாள். அப்படியே ரிடையர் ஆகிறவரைக்கும் போனார், வந்தார்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம், அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்காகத்தான் அவிய அந்தப் பேரச் சுமந்தாவ. எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு மட்டும் தெரியலட்டி. சேதி போயிருந்தா அவிய வந்திருப்பாவளா? ரிலீவர் இல்லாம வந்திருப்பாவளா?"

"கேட்டதே இல்லையாம்மா?"

"எப்படிக் கேப்பேன்? வந்திருப்பேன்னு சொன்னா நான்தான பிள்ளையக் கொன்னது. வந்திருக்க மாட்டேன்னு சொன்னா, அப்புறம் அவியகூட எப்படி இருப்பேன்?"

டிரம் பக்கத்தில் மழையில் நின்ற தம்பி ஞாபகம் வந்தான். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அம்மா அந்தக் கேள்வியோடேயே போய்விட்டாள்.

அப்பா என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒவ்வொன்றாக மறந்தார். என் பிள்ளைகள் பேர், என் வீட்டுக்காரர் பேர், அம்மா போனதுகூட. கடைசியில் அந்தப் பொய்யையும் மறந்துவிட்டார். பால்காரர் வந்தாலும் யார் வந்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து ஒரே கேள்வி.

"கேட்டுக்கு யாரும் வந்தாங்களா?"

இல்லை அப்பா என்பேன். சரி என்பார். ஆனால் வாசலைப் பார்த்தபடியே இருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. மறுபடியும் கேட்டார். எனக்கு என்ன வந்ததோ, "வந்தாங்கப்பா" என்றேன்.

"யாரு?"

"அம்மா வந்தாங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டுதாம். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க."

அப்பா எழுந்துவிட்டார். பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாதவர் அவர். காலால் செருப்பைத் தேடினார். ஒன்று அகப்பட்டது, இன்னொன்று அகப்படவில்லை, ஒன்றோடேயே நடந்தார்.

"அப்பா, ரிலீவர் இன்னும் வரலையே" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்காகக் கேட்டேன்.

நின்றார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ மட்டத்தப் பாத்துக்கோ" என்று உள்ளங்கையை நீட்டினார். நான் தட்டினேன். அவர் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டார். பிடித்துக் கூட்டி வர எனக்கு மனசு வரவில்லை. காம்பவுண்டு கேட் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெருவைப் பார்த்தார். "எங்கட்டி அவ?" என்றார்.

அந்த வருஷமே அவரும் போய்விட்டார். இப்போது அம்மாவுக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் டூட்டிக்கு அர்த்தம் கேட்ட மேல்வீட்டுப் பிள்ளை மறுநாளே வந்து, ஒரு சென்டென்ஸ் குறைகிறது என்றது. "என் அப்பாவைக் கேட்டில் கூப்பிட்டிருந்தால் டூட்டியை விட்டு வந்திருப்பார்" என்று எழுதிக்கொள் என்றேன். ரொம்ப நீளமாக இருக்கிறது ஆன்ட்டி என்று போய்விட்டது.

உங்களில் பலரும் இந்தக் கதையை வேறு மாதிரிக் கேட்டிருப்பீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லியிருப்பீர்கள். இனிமேல் சொன்னால் நான் எழுதினபடி சொல்லுங்கள். அப்பாவைப் பெரிய கடமைக்காரர் ஆக்க வேண்டாம், கல் மனசுக்காரரும் ஆக்க வேண்டாம். அம்மாவுக்கு அறிவில்லை என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். வாட்ச்மேனையும் திட்ட வேண்டாம், அவர் டீ வாங்கிக் கொடுத்தார். உயிரோடு இருந்த பிள்ளைக்காக அம்மா பொய் சொல்லவில்லை. உயிரோடு இருந்த அம்மாவுக்காக அப்பா சொன்னார். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் சொல்லாதீர்கள்.